இடது முன்சில்லு

ஏரம்புவின் பிக்கப்பில் இடது முன்சில்லின் ரயர் மட்டும் உள்பக்கமாகத் தேயும். வலது ரயர் அப்படியே இருக்கும். இடது ரயரின் உள்விளிம்பு மொட்டையாகி நூல் வெளியே தெரியும். நான் நன்றி சொல்ல வேண்டியவை என்று இந்த உலகத்தில் சில இருக்கின்றன. அந்த மொட்டை விளிம்பும் அவற்றில் ஒன்று. அது தேயாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் எங்கள் கராச்சுக்கு வந்திருக்கவே மாட்டார்.

வண்டி திருத்துகிற அந்தக் கராச் என் அண்ணன் வீரகத்தியுடையது. மாங்குளத்தில், கண்டி வீதியோரம், முன்னால் கராச், பின்னால் வீடு. அம்மாவும் அப்பாவும் இல்லை. அண்ணைக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கலியாணம் ஆகவில்லை. வீட்டில் தங்கச்சி ஒருத்தி இருக்க அண்ணன்காரன் முதலில் முடிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அந்தத் தங்கச்சி நான்தான், விமலேஸ்வரி, வயது இருபத்தொன்பது. வருகிற சனமெல்லாம் அண்ணையைப் பார்த்துப் பெருமூச்சு விடும். பிறகு என்னைப் பார்க்கும். நான் என்ன, வேண்டுமென்றா குந்திக்கொண்டிருந்தேன்?

அண்ணைக்குக் கையுதவி ஆட்கள் தங்குவதில்லை. அவருடைய வாய்க்கு எவன் நிற்பான்? அதனால் சில்லு அளக்கிற வேலைக்கு நான்தான் துணை. வண்டியின் முன்சில்லுகள் இரண்டும் மிகச் சிறிதளவு உள்நோக்கித் திரும்பி நிற்க வேண்டும். சில்லுகளின் முன்பக்க இடைவெளி, பின்பக்க இடைவெளியைவிட அரைக்கால் அங்குலம் குறைவு. அது பிசகினால் ரயர் தேயும். யாழ்ப்பாணத்தில் இதற்கு மெசின் வந்துவிட்டதாம். அண்ணையிடம் இருந்தவை சீவி எடுத்த இரண்டு கமுகஞ் சலாகைகள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, ஒரு நுனியை நான் இடது சில்லில் பிடிப்பேன். அவர் மற்ற நுனியை வலது சில்லுவரை இழுத்து, சலாகைகள் சேருமிடத்தில் சோக்கால் கோடு கீறுவார்.

இதற்கு நிலம் மட்டமாக இருக்க வேண்டும் என்று, றோட்டோர வாய்க்கால் மதகைத் தாண்டியவுடன் வாசல் படலையடியில் அண்ணை சீமெந்து போட்டு வைத்திருந்தார். வளவுக்குள் வண்டி வர அது ஒன்றுதான் வழி. ஒரு வண்டி அதில் ஏறி நின்றால், அளந்து முடியும்வரை மற்ற வண்டிகள் றோட்டிலேயே நிற்க வேண்டும். நிற்கிறவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டுவார்கள். அண்ணை சலாகையை விடாமலே திருப்பித் திட்டுவார்.

ஏரம்பு துணுக்காய்க்காரர். செத்தல் மிளகாயும் நெல்லும் ஏற்றிக்கொண்டு மாங்குளம் ரெயில் ஸ்ரேசனுக்கு வருவார். சில்லடியில் குந்தியிருக்கிற எனக்கு அவருடைய முகத்தைவிடக் கால்கள்தான் பழக்கம். மிளகாய்த் தூள் படிந்த அகலமான பாதங்கள். நான் சலாகையைப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் அவை எனக்கு எட்ட நில்லாமல், கிட்டவும் வராமல், ஒரே இடத்தில் நிற்கும்.

கராச்சுக்கு வருகிற றைவர்மார் எல்லோருக்கும் நான் தங்கச்சி. "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி தாங்கோ." "தங்கச்சி, அண்ணை எங்கை?" என்னைவிட இளையவன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். ஏரம்பு மட்டும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைப் பார்ப்பார்; பிறகு வேலியைப் பார்ப்பார். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். தங்கச்சி என்று ஒருநாள் சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். சொல்லமாட்டார். அந்தச் சொல்லாத சொல்லை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருடம் ஓட்டினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

பாலைப்பழக் காலத்தில் ஒரு ஓலைப்பெட்டி நிறையப் பழம் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டியின் கட்டில் வைப்பார். "அண்ணைக்கு" என்பார். அண்ணைக்குப் பாலைப்பழமே பிடிக்காது. உதட்டில் பால் ஒட்டுகிறது என்று தொடவும் மாட்டார். இது ஏரம்புவுக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த வருடமும் "அண்ணைக்கு" என்றுதான் வைத்தார். நான் குசினி அடுப்படியில் தனியே இருந்து உதடு ஒட்ட ஒட்டத் தின்றேன்.

அண்ணைக்கு அந்த ரயர் பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது. "சில்லு வெளியாலை பார்த்து நிண்டால் உள்ளுக்குத் தேயும், சரி. ஆனா ரண்டு ரயருமெல்லோ தேயவேணும். இதென்ன ஒண்டு மட்டும்?" என்று பிக்கப்பைப் பார்த்து உறுமுவார். சில்லைத் தாங்கும் கட்டையைக் கழற்றிப் புதிது போட்டார். ஸ்பிரிங்கை மாற்றினார். அளந்து அளந்து சலாகையில் சோக்குக் கோடு படையாகிவிட்டது. ஏரம்பு போவார், ரயர் தேய்ந்து திரும்பி வருவார். புது ரயர் கடைகளில் கிடைக்காத காலம் அது. அண்ணை அந்த ரயரைக் கழற்றித் திருப்பிப் போட்டு, பின்சில்லுக்கு மாற்றி, என்னவெல்லாமோ செய்தார். நான் உள்ளுக்குள் அம்மனிடம், அண்ணைக்குப் பிழை பிடிபடக் கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அம்மன் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமல்ல, தன் கோயிலுக்குப் போகும் வழியிலேயே காட்டியும் கொடுத்துவிட்டாள்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயிலில் பொங்கல். துணுக்காய்ப் பெண்கள் சிலரை ஏற்றிக்கொண்டு ஏரம்பு போகிறார் என்று தெரிந்ததும் அண்ணை, "நானும் வாறன். ஓடேக்கை அந்தச் சில்லு என்ன செய்யுதெண்டு பாக்கவேணும்" என்றார். அவர் அம்மனைக் கும்பிடப் போனாரா, சில்லைப் பார்க்கப் போனாரா என்பது அம்மனுக்குத்தான் வெளிச்சம். என்னையும் கூட்டிப் போனார். அண்ணை முன்னால் ஏரம்புவின் பக்கத்தில். நான் பின்னால், பொங்கல் பானைகளுக்கும் பெண்களுக்கும் நடுவில். றைவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த கண்ணாடியூடாக அவருடைய பிடரி தெரிந்தது. வழி முழுவதும் நான் பார்த்தது அதைத்தான், காட்டையல்ல.

ஒட்டுசுட்டான் போகிற றோட்டில் அந்த நாளில் ஒன்றரை வண்டி அகலத்துக்குத்தான் தார். இரண்டு கரையும் கிறவல், செம்மண்ணும் சரளைக்கல்லும். எதிரே வண்டி வந்தால் ஒருவர் இடதுபக்கச் சில்லுகளைக் கிறவலில் இறக்க வேண்டும். யார் இறங்குவது என்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது: வெறும் வண்டி, பாரவண்டிக்காக இறங்கும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் வன்னியில் வண்டி ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பாரவண்டி. பெண்கள், பானைகள், அரிசி, தேங்காய், அதற்கு மேல் என் அண்ணன்.

ஏரம்பு எல்லாவற்றுக்கும் இறங்கினார். வெறும் லொறி தூரத்தில் தலைகாட்டியதுமே எங்கள் இடதுபக்கம் சாய்ந்தது. பெண்கள் "அம்மாளாச்சி" என்று பானையைப் பிடித்தார்கள். வெறும் மாட்டுவண்டிக்கு இறங்கினார். ஒரு சைக்கிளுக்கும் இறங்கினார். இறங்குவதில் ஒன்றுமில்லை, திரும்பத் தாரில் ஏறும்போதுதான், தாரின் உடைந்த விளிம்பு முன்சில்லின் உள்பக்கத்தை அரம்போல உரசியது. அந்தச் சத்தம் பின்னால் இருந்த எனக்கே கேட்டது. அண்ணை வெளியே தலையை நீட்டி அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு உரசலுக்கும் ஒரு விரலை மடித்தார்.

பொங்கி, கும்பிட்டு, அடுத்தநாள் காலையில் திரும்பும்போது ஒட்டுசுட்டானில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். பெண்கள் அந்த ஊர்ச் சிவன் கோயில் பக்கம் போய்விட்டார்கள். மருதமரத்தின் கீழ் அண்ணை தொடங்கினார்.

"உம்மடை சில்லிலை ஒரு பிழையும் இல்லை, ஏரம்பு. நீர்தான் பிழை."

"நான் என்ன அண்ணை செய்தனான்?"

"வெறும் லொறிக்கு ஏன் இறங்கினீர்?"

"அவர் தூரத்திலையிருந்து வாறார் போலை இருந்தது."

"மாட்டுவண்டிக்கு?"

"மாடு களைச்சுப் போச்சு."

"சைக்கிளுக்கு?"

"அந்தாள் பின்னுக்கு மனிசியை ஏத்திக்கொண்டு வந்தவர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணைக்கு வரவில்லை. "உமக்கெண்டு ஒரு றோட்டும் இல்லையோ? இறங்கிறதை நிப்பாட்டும், ரயர் தேயாது. இனி இதுக்காக என்னட்டை வராதையும்" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை நாளும் அவரை எங்கள் படலைக்குக் கொண்டுவந்த ஒன்றை என் சொந்த அண்ணன் ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் இல்லாமல் செய்துவிட்டார்.

அதோடு விட்டாரா? இல்லை. "இவளுக்கும் ஒரு நல்ல இடம் வந்திருக்கு. கொக்குவில் பெடியன், யாழ்ப்பாணத்திலை கந்தோர் உத்தியோகம். ஆவணிக்குள்ளை வந்து பாக்கினமாம்" என்றார், ஊர்க்கதை சொல்கிற மாதிரி.

நான் ஏரம்புவின் கால்களைப் பார்த்தேன். அவை அசையவில்லை. கொஞ்ச நேரம் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் உருட்டிவிட்டு, "நல்ல இடமெண்டால் செய்யுங்கோ அண்ணை" என்றார்.

கோப்பையைப் பறித்து அவர் தலையில் ஊற்றலாம் போல் இருந்தது. மாட்டுக்கு இறங்கினார், சைக்கிளுக்கு இறங்கினார், கொக்குவிலுக்கும் இறங்கிவிட்டார். வீடு வந்து சேரும்வரை அந்தப் பிடரியை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் இன்னும் வலித்தது.

மறுநாள் வீட்டில் வைத்து அண்ணையிடம் சொன்னேன். "எனக்குக் கொக்குவில் வேண்டாம்."

"பின்னை?"

நான் தண்ணீர்த் தொட்டியின் கட்டைப் பார்த்தேன். அண்ணை கோபக்காரரே தவிர மடையரில்லை. அதிக நேரம் எடுக்காமலே புரிந்துகொண்டார். அவர் சத்தம் போடாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏரம்பு நல்ல பெடியன்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை" என்றார். "ஆனா பிள்ளை, தன்ரை பங்கு றோட்டை வைச்சிருக்கத் தெரியாதவன், நாளைக்கு உன்னையும் ஆருக்கோ விட்டிட்டுக் கரையிலை நிப்பான். நேற்றுத்தானே பாத்தாய்? என்ரை முகத்துக்கு நேரை நல்ல இடமெண்டு சொல்லுறான். அவன் வந்து கேட்டால் யோசிப்பம். கேக்கமாட்டான்."

அண்ணை சொன்னதில் பிழையே இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அதன்பிறகு ஏரம்பு வரவில்லை. பிக்கப் மட்டும் போகும். அதன் இரைச்சல் எனக்குத் தெரியும். சந்தியில் திரும்பும்போது ஒருதரம் இருமும். குசினியில் நின்றாலும், கிணற்றடியில் நின்றாலும் என் கை நின்றுவிடும். எங்கள் படலையடியில் வந்ததும் இரைச்சல் கொஞ்சம் குறைவது போல் இருக்கும். குறைகிறதா, நான் நினைக்கிறேனா? பிறகு ஸ்ரேசன் பக்கம் போய்விடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அவர் போனபின் நான் படலையடிக்குப் போய்க் கிறவல் கரையைப் பார்ப்பேன். முன்பெல்லாம் அந்தச் சில்லின் தடம், உள்பக்கம் வழுவழுத்து, அதில் விழுந்திருக்கும். அதை மிதியாமல் தாண்டி நடப்பேன். இப்போது தடமே இல்லை. தாரில் போகிற வண்டிக்கு ஏது தடம்?

பாலைப்பழக் காலம் வந்தது. தொட்டிக் கட்டு வெறுமையாகக் கிடந்தது. சந்தியில் ஒருத்தி விற்றாள், வாங்கித் தின்றுபார்த்தேன். உதடு ஒட்டியதுதான் மிச்சம். எனக்கு அவர் வேண்டும். வேறு வார்த்தையில் இதைச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு செம்புத் தண்ணீரை ஒரு மனிதரிடம் கொடுப்பதற்கு இவ்வளவு ஏங்க முடியும் என்று யாராவது ஒருத்தி முன்பு சொல்லியிருந்தால் நான் அவளைக் கேலி செய்திருப்பேன்.

ஆடி முடிகிற நேரம், முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவருகிற நளீர் நானா தன் லொறியோடு கராச்சுக்கு வந்தார். முகம் கடுகடுத்திருந்தது. லொறியின் ஒரு பக்கம் முழுவதும் சேறு.

"தங்கச்சி, உங்கடை ஏரம்பருக்கு என்ன பிடிச்சது?" என்றார். "ஒட்டுசுட்டான் வளைவிலை நான் மீன் குடுத்திட்டு வெறும் லொறியோடை திரும்பிப் போறன். அந்தாள் நெல்லேத்திக்கொண்டு நேரை வருது. இறங்கேல்லை. கிட்ட வந்தும் இறங்கேல்லை. கடைசியிலை நான்தான் பள்ளத்துக்கை போனனான். ஐஸ் பெட்டி ரண்டும் கவிண்டு போச்சு."

"வெறும் லொறிதானே நானா இறங்கவேணும்?"

"அது சரிதான். எண்டாலும் ஏரம்பர் எண்டால் இறங்குவார் எண்டு நம்பித்தானே நான் வந்தனான்? ஒரு மனிசனை நம்பக் கூடாதே?"

நளீர் நானாவுக்கு இன்னொரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், சீனி கூடப் போட்டு. அவர் குடித்து முடித்தபோது மெல்லச் சொன்னேன்: "வாற வெள்ளிக்கிழமை காலமை கொக்குவிலாலை என்னைப் பாக்க வருகினம், நானா. துணுக்காய்ப் பக்கம் போனால் சொல்லுங்கோ."

"ஆருக்குச் சொல்ல?"

"ஆருக்கெண்டாலும்."

நானா கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தன் சேறு பட்ட லொறியைப் பார்த்தார். "இதுக்குத்தானோ எனக்குப் பள்ளம்?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணை எனக்குக் கத்தரிப்பூ நிறச் சேலை எடுத்துத் தந்தார். தலை நிறையப் பூ. வடையும் பலகாரமும் தட்டில் இருந்தன. அண்ணைகூட வெள்ளை வேட்டி கட்டி, முழங்கை வரை சவுக்காரம் போட்டுக் கழுவியிருந்தார். சந்தியில் ஏதாவது இருமினால் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். பஸ்தான் இருமியது.

பிறகு உண்மையிலேயே அது இருமியது. படலையடியில் இரைச்சல் குறைந்தது. இந்தமுறை நான் நினைத்துக்கொள்ளவில்லை. பிக்கப் மதகைத் தாண்டிச் சீமெந்தில் ஏறி நின்றது. ஏரம்பு இறங்கினார். தலை வாரி, கழுவிய சட்டை போட்டிருந்தார்.

"என்ன காணும், இண்டைக்குப் பாத்து?" என்றார் அண்ணை.

"இடது முன்சில்லு அண்ணை. ஒருக்கால் அளந்து பாருங்கோ."

அண்ணையிடம் சில்லு என்று ஒருவர் சொல்லிவிட்டால், வெள்ளை வேட்டி என்ன, வருகிற சம்பந்தம் என்ன? "திரும்பவும் தேயுதோ?" என்று பாய்ந்து வந்தார். "பிள்ளை, சலாகையைப் பிடி." நான் கத்தரிப்பூச் சேலையோடு, தலை நிறையப் பூவோடு, பழைய இடத்தில் குந்தினேன். அந்தப் பாதங்கள் எனக்குப் பக்கத்தில் நின்றன. இந்தமுறை கொஞ்சம் கிட்ட.

மொட்டையான ரயர் போய் வேறொன்று பூட்டி ஓடியிருந்தது; அதைத் தடவிப் பார்த்தேன். உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே அளவில் இருந்தன. மொட்டையே இல்லை. எனக்கு அழுகை வந்தது. இவர் இதற்காக வரவில்லை என்று என் விரல்களுக்கு அண்ணைக்கு முன்பே தெரிந்துவிட்டது.

அண்ணை முன்னால் அளந்தார், பின்னால் அளந்தார், இன்னொருதரம் அளந்தார். "அச்சொட்டாய் இருக்கு. ரயரும் சமனாய்த் தேய்ஞ்சிருக்கு. ஒரு பிழையும் இல்லை. பின்னை என்னத்துக்கு வந்தனீர்?"

ஏரம்பு வாயைத் திறப்பதற்குள் றோட்டில் ஹோர்ன் கேட்டது. கொக்குவிலிலிருந்து வந்த வாடகைக் கார் மதகடியில் நின்றது. தரகர் தலையை நீட்டி, "பிக்கப்பைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்கோ, கார் உள்ளை வர" என்றார்.

"ஏரம்பு, அளந்தாச்சு. எடும் வண்டியை" என்றார் அண்ணை.

ஏரம்பு பொனட்டில் கையை வைத்தார். "இல்லை அண்ணை. எடுக்கமாட்டன்."

"என்ன?"

"சில்லிலை பிழையில்லை எண்டு எனக்குத் தெரியும். சொல்லிக்கொண்டு வர எனக்கு வேறை சாட்டு ஒண்டும் இருக்கேல்லை. உங்கடை தங்கச்சியைக் கேட்டு வந்தனான்." கொஞ்சம் நிறுத்தி, "விமலேஸ்வரியை" என்றார்.

இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து என் பெயர் வந்தது அன்றுதான்.

"இதை ஒட்டுசுட்டானிலை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் நல்ல இடமெண்டு சொன்னியள்."

"இப்ப?"

"இப்பவும் நல்ல இடம்தான். ஆனா நான் வண்டியை எடுக்கமாட்டன்."

ஹோர்ன் திரும்பவும் அடித்தது, நீளமாக. அண்ணை திருப்பித் திட்டவில்லை. ஏரம்புவைப் பார்த்தார், சமனாகத் தேய்ந்த ரயரைப் பார்த்தார், கடைசியாகக் குனிந்து என்னைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்லுறாய்?"

"வண்டி நிக்கட்டும் அண்ணை" என்றேன்.

அண்ணை தன் பக்கத்துச் சலாகையைக் கீழே விட்டார். வெள்ளை வேட்டியிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, பிக்கப்பைச் சுற்றிக் காரடிக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. தரகரின் குரல் உயர்ந்தது. அண்ணையுடையது, அதிசயமாக, உயரவில்லை. கார் உள்ளே வராமலே திரும்பியது.

ஏரம்பு வலது சில்லடிக்குப் போய்க் குந்தி, அண்ணை விட்ட நுனியை எடுத்து ரயரோடு சேர்த்துப் பிடித்தார். பிக்கப்பின் கீழால் முதல்தடவையாக அவருடைய முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். அளப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் நாங்கள் இருவரும் சலாகையை விடவில்லை.